உங்கே

ஆறாம் பாடத்தில் ஓர் ஊர்ப்படம்.
நடுவில் சதுக்கம், சதுக்கத்தில் நீரூற்று,
சுற்றி மருந்துக்கடை, தேவாலயம், தபால் ஆபீஸ்.
தெருவெல்லாம் அடிக்கோல் வைத்துப் போட்டவை.
வழி தெரியாதவர் தொப்பி போட்டிருப்பார்.
ரயில் நிலையம் எங்கே என்பார்.
பதினோரு பேரும் ஒரே குரலில் சொல்வோம்:
செம்ப்ரே திரீத்தோ.
எப்போதும் நேராக.

தெஸ்த்ரா வலது, சினிஸ்த்ரா இடது.
மூன்று வாரம் மாற்றி மாற்றி உளறிவிட்டு
நோட்டு ஓரத்தில் எழுதிக்கொண்டேன்:
தெஸ்த்ரா, சோத்துக்கை.
சினிஸ்த்ரா, பீச்சாங்கை.
அப்புறம் தப்பவே இல்லை.
ஃப்ளேவியா மிஸ் எட்டிப் பார்த்து
என்ன எழுத்து இது என்றார்.
தமிழ் என்றேன்.
அர்த்தம் கேட்கவில்லை, பிழைத்தேன்.

சனிக்கிழமை பதினொன்றரைக்குக் கடை போன் அடித்தது.
தோல் வாங்க வந்த இத்தாலிக்காரியை
தொண்ணூறடி ரோட்டில் இறக்கிவிட்டு
டாக்சி போய்விட்டதாம்.
கணக்கு நோட்டை மூடக்கூட விடாமல்
மொய்தீன் பாய் ரிசீவரைத் திணித்தார்,
'நீதானே படிச்சே, பேசு.'

தொவே, சிஞ்ஞோரா?
இங்கே, என்றாள்.
இங்கே என்றால், இங்கேதான் எல்லோரும்.
என்ன தெரிகிறது என்றேன்.
ஒரு சொல் சொன்னாள், ஆறாம் பாடத்தில் இல்லாத சொல்.
திரும்பச் சொன்னாள்.
அதற்குள் ஆடே போனில் கத்திவிட்டது.

செம்ப்ரே திரீத்தோ, என்றேன் பழக்கத்தில்.
சொன்ன பிறகுதான் உறைத்தது.
தாராவியில் எது எப்போதும் நேராகப் போகிறது?
இருபதடியில் மாவுமில் வந்து நெற்றியில் இடிக்கும்.
சரி, இரண்டாவது சினிஸ்த்ரா.
அவள் எண்ணிக்கொண்டே நடப்பது கேட்டது.
உனோ.
துவே.

இரண்டு சுவருக்கு நடுவே
ஆள் ஒருக்களித்து நுழைகிற இடைவெளி ஒன்று உண்டு.
நாங்கள் அதைச் சந்து என்று எண்ணுவதில்லை.
அவள் எண்ணியிருக்கிறாள்.

'யாருட்டி இவ,
எங்க அடுப்படியில வந்து நிக்கா?'
புஷ்பம் அக்காவின் குரல்,
பின்னால் எண்ணெய் காயும் சத்தம்.

வெங்கோ கொஸ்தீ, என்றாள் இத்தாலிக்காரி.
வெங்கோ, வருகிறேன்.
கொஸ்தி என்றால் எனக்குத் தெரியும்,
விலைப்பட்டியலில் தினமும் பார்க்கிற சொல்.
விலை அப்புறம் பேசலாம் சிஞ்ஞோரா,
முதலில் வாருங்கள், என்றேன்.
மறுமுனையில் கொஞ்சம் மௌனம்.
கொஸ்தீ, என்றாள் மறுபடி,
குழந்தைக்குச் சொல்வதுபோல் இழுத்து.
தள்ளுபடியும் உண்டு, என்றேன்.

புஷ்பம் அக்கா ஒரு மொழியும் பேசவில்லை.
மாவுக்கையோடு அவள் மணிக்கட்டைப் பிடித்து
'இந்தா, கூப்பிடு தூரந்தான்' என்று
கடைவாசலில் கொண்டுவந்து விட்டுப் போனாள்.
வெள்ளைச் சட்டைக் கையில் ஐந்து விரல் மாவு.
அன்று நானூறு தோல் போனது.

ராத்திரி அகராதியைப் புரட்டினேன்.
விலைக்குக் குறில். அவள் சொன்னது நெடில்.
கொஸ்தீ: தொஸ்கானா பக்கத்துப் பழைய சொல்,
கேட்பவர் இருக்கும் இடம்.

அங்கே இல்லை, இங்கேயும் இல்லை.
முனிசிபல் பள்ளியில் ஆறாம் வகுப்பில்
அ, இ, உ என்று மூன்று சுட்டு படித்தோம்.
அந்த, இந்த, உந்த.
மூன்றாவது வழக்கில் இல்லை என்று
புத்தகமே சொல்லிவிட்டதால்
பரீட்சைக்கு விட்டுவிட்டோம்.
அதைத்தான் அவள்
அடுப்படிப் புகைக்குள் நின்றுகொண்டு
என்னிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறாள்.
உங்கே வருகிறேன்.
நான் தள்ளுபடி தந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை வகுப்பில் மறுபடி அதே படம்.
ரயில் நிலையம் எங்கே என்றார் தொப்பிக்காரர்.
பத்துப் பேர் நேராக அனுப்பினார்கள்.
நான் மட்டும்
நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டேன்,
பக்கத்தில் ஆடு ஏதும் தெரிகிறதா என்றும்.